தூரத்து இங்கிலீசு

சென்னை மாகாணத்தில் இங்கிலீசு இரண்டு வாசல் வழியாக நுழைந்தது. ஒன்று முன்வாசல். கம்பெனிக்காரனோடு கணக்கு வழக்குப் பேசிய துபாஷிகள், பிறகு கச்சேரி குமாஸ்தாக்கள், 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு பி.ஏ. படித்த வக்கீல்கள் எல்லாம் இந்த வழியாக வந்தவர்கள். இன்னொன்று கொல்லைப்புறத்து வாசல். துரை வீட்டுச் சமையல்கட்டு, குதிரை லாயம், பிள்ளை தூக்கும் ஆயா வேலை. மாட்டுக்கறி ஆக்கவும் எச்சில் தட்டு எடுக்கவும் சாதி இந்து வரமாட்டான். அந்த வேலைக்குப் பெரும்பாலும் போனது நம்ம சனம்தான். அங்கே புத்தகம் கிடையாது, இலக்கணம் கிடையாது. துரைசாணி ஒன்று சொல்வாள், இவர் பதிலுக்கு ஒன்று சொல்வார். தப்பாக இருந்தால் அவளுக்குப் புரியாது, திரும்பக் கேட்பாள். இப்படிக் கேட்டும் சொல்லியும் பிறந்த பேச்சுக்கு 'பட்லர் இங்கிலீசு' என்று பெயர் வைத்தார்கள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. 1891-ல் ஹூகோ ஷுகார்ட் என்ற ஐரோப்பிய மொழியியல் அறிஞர் அதை ஆராய்ந்து எழுதினார். அவர் ஆராய்ந்தார். இங்கே இருந்த படித்த கூட்டம் சிரித்தது. ஒருத்தன் இங்கிலீசைத் தப்பாகப் பேசினால் 'பட்லர் இங்கிலீசு' என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புக்கு அடியில் சாதி இருப்பது சிரிக்கிறவனுக்கே தெரியாது.

துரை வீட்டுச் சமையல்கட்டை நான் கொண்டாட வரவில்லை. அங்கே ஏச்சும் இருந்தது, உதையும் இருந்தது. ஆனால் எழுத்துவாசனை மறுக்கப்பட்ட ஒரு சனம், தலைமுறைக்குள் ஓர் அந்நிய மொழியை வாயால் பிடித்தது எப்படி என்று கேட்டால், எதிரே பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் விடை. 2020-ல் கல்லூரி வகுப்புகள் எல்லாம் செல்போனுக்குள் போனபோது நம் பிள்ளைகளின் இங்கிலீசு வகுப்புக்கு என்ன நடந்தது என்பதை எழுத உட்கார்ந்தேன். அதற்குப் பட்லரில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 'ஆன்லைன்' என்பதை ஏதோ வானத்தில் இருந்து இறங்கிய புது வித்தை போலப் பேசுகிறார்கள். தூரத்தில் நிறுத்தி வைத்துப் படிக்கச் சொல்வது நமக்குப் புதுசா என்ன?

இரட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் தான் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். அந்தப் பள்ளியில் சுமார் நானூறு பிள்ளைகள். பத்துப் பேர் போக மீதி எல்லாரும் பிராமணர்கள். பிள்ளைகளோடு பழகினால் எந்த ஊர், எந்தத் தெரு, யார் உறவு என்று கேட்பார்கள், சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்தால் விளையாட நிற்காமல் வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு தூரத்தை அவரே அளந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதே மனிதர்தான் 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து நம் வழக்கைப் பேசினார். 1925-ல் எம்.சி. ராஜா நம் மக்களின் நிலைமையைப் பற்றி இங்கிலீசிலேயே புத்தகம் எழுதி வெளியிட்டார். சர்க்காரிடம் நேரடியாகப் பேச, நடுவில் சாதி இந்து தரகன் இல்லாமல் பேச, அவர்களுக்கு இங்கிலீசு வேண்டியிருந்தது. இன்று 'தாய்மொழியை மறந்து இங்கிலீசு மோகமா' என்று நம்மைக் கேட்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு தூரம் வேறு உருவம் எடுத்தது. 1962-ல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அதைப் பிடித்துக்கொண்டன. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. நம் தெருவில் முதல் பட்டம் இந்த வழியாக வந்த வீடுகள் எத்தனை! பகலில் வேலை, ராத்திரியில் படிப்பு. தபால்காரர் கொண்டுவந்து போடும் பழுப்புத் தாள் கட்டுதான் வாத்தியார். அந்தப் படிப்பை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிலமில்லாத வீட்டுப் பிள்ளை வேலையை விடாமல் பட்டம் வாங்க அது ஒன்றுதான் வழியாக இருந்தது. ஆனால் சரித்திரத்தைத் தபாலில் படிக்கலாம், பொருளாதாரத்தைப் படிக்கலாம். பேசுகிற மொழியைத் தபாலில் எப்படிப் படிப்பது? வருசத்துக்குச் சில நாள் நேர்முக வகுப்பு. அங்கேயும் ஒரு பெரிய கூடத்தில் மைக் வைத்து ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். கையில் பட்டம் இருக்கும், நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று இங்கிலீசில் கேட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1984 ஆகஸ்டு 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைக்காட்சியில் 'நாடு தழுவிய வகுப்பறை' என்று தொடங்கியது. அப்போது சேரியில் தொலைக்காட்சிப் பெட்டி ஏது? அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நேர் வகுப்பு மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பது நியாயம். அரசுக் கலைக் கல்லூரியில் பாகம் ஒன்று தமிழ், பாகம் இரண்டு ஆங்கிலம். தமிழ் வழியில் பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளை, வரலாறோ கணக்கோ எடுத்தாலும் இந்தப் பாகம் இரண்டைத் தாண்ட வேண்டும். வகுப்பில் அறுபது, எழுபது பேர். வாத்தியார் ஒரு வரி வாசிப்பார், தமிழில் அர்த்தம் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். பரீட்சைக்குக் கடையில் விற்கும் கைடு. நான்கு பருவத்திலும் ஒரு பிள்ளை ஒரு வாக்கியம்கூடத் தானாக இங்கிலீசில் வாய்விட்டுச் சொல்லாமல் தேறிவிடலாம். தேறாதவன் அரியர் வைப்பான். முதன்மைப் பாடம் எல்லாம் தேறி, பாகம் இரண்டில் மட்டும் மாட்டிப் பட்டம் வாங்காமல் நின்றுபோன அண்ணன்களை எல்லாச் சேரியிலும் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் வந்தபோது நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. மெஷினுக்குச் சாதி தெரியாது என்றார்கள். சந்திரபான் பிரசாத் 2006-ல் இருந்து மெக்காலே பிறந்த அக்டோபர் 25-ஐ இங்கிலீசு நாளாகக் கொண்டாடினார். 2010-ல் உத்தரப்பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பாங்கா கிராமத்தில் 'இங்கிலீசு தேவி'க்குக் கோயில் கட்டக் கால்கோள் நடந்தது. அந்தச் சிலையைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் தொப்பி, ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அரசியல் சட்டம். அவள் நிற்கிற பீடம் தாமரை இல்லை, கம்ப்யூட்டர். மெக்காலே 1835-ல் யாருக்காக அந்தக் குறிப்பை எழுதினார், நம்மை நினைத்தா எழுதினார் என்ற விவாதம் தனி. இங்கிலீசையும் கம்ப்யூட்டரையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த அந்த மனசு எனக்குப் புரிகிறது. நடுவில் வாத்தியார் இல்லாமல், பெஞ்சு இல்லாமல், பானை தனி இல்லாமல் ஒரு பிள்ளை நேராகப் படிப்போடு உட்கார முடியும் என்ற ஆசை அது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது நம் பிள்ளைகள் அதைப் பையில் போட்டுத் தெருவில் நடந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். ஆதிக்க சாதித் தெரு வழியாகவும் நடந்தார்கள்.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 17-ல் இருந்து கல்லூரிகள் மூடப்பட்டன. கொஞ்ச நாளில் 'வகுப்பு ஆன்லைனில் நடக்கும்' என்றார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கத்திடமே கணக்கு இருந்தது. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்றுப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகளில் கம்ப்யூட்டர் உள்ளவை 4.4 விழுக்காடு, இணைய வசதி உள்ளவை 14.9 விழுக்காடு. நகரத்தில் 23.4, 42. இது எல்லாச் சாதியும் சேர்த்த கணக்கு. நம் தெருவை மட்டும் பிரித்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு நாளுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா கார்டு தருவதாக அறிவித்தது 2021 ஜனவரியில். கல்லூரி மூடிப் பத்து மாதம் கழித்து, அதுவும் ஏப்ரல் வரைக்கும். அதற்கு முன்னால் ஒரு போன், ஒன்றரை ஜி.பி. பேக், அதை வீட்டில் மூன்று பிள்ளைகள் பங்கு போட்டார்கள்.

டேட்டாவும் போனும் இல்லாத கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எழுதாதது ஒன்று உண்டு. நான் அப்போது ஓர் அரசுக் கல்லூரியில் பாகம் இரண்டு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். வருகையைப் பார்க்க எல்லாரும் வீடியோவை 'ஆன்' பண்ண வேண்டும் என்று உத்தரவு. திரையில் சில முகங்கள் வரும். மீதி எல்லாம் கறுப்புக் கட்டம், அதில் பெயரின் முதல் எழுத்து. கேட்டால் "டேட்டா இல்ல சார்" என்பார்கள். கல்லூரி திறந்த பிறகு ஒரு பையன் தனியாக வந்து சொன்னான்.

"டேட்டா இருந்துச்சு சார். வீடு தெரியும்ல."

"தெரிஞ்சா என்னப்பா?"

"பின்னாடி அம்பேத்கர் படம் மாட்டியிருக்கு சார். கிளாஸ்ல எவனுக்கும் நான் எந்தத் தெருன்னு தெரியாது. ரூம்ல ஒண்ணாத்தான் சாப்புடுறோம்."

சீனிவாசனுக்கு மணி அடிக்கும்வரை வெளியே உட்கார ஓர் இடம் இருந்தது. இந்தப் பையனுக்கு அதுவும் இல்லை. வகுப்பறையே அவன் வீட்டுக்குள் வந்துவிட்டது. பஸ் ஏறி முப்பது கிலோமீட்டர் தள்ளி வந்து அவன் கட்டி வைத்திருந்த ஒரு சின்ன மறைவை, உள்ளங்கை அகலக் கேமரா கலைக்கப் பார்த்தது. அவன் கறுப்புக் கட்டமாக இருந்தான். மைக்கையும் அணைத்து வைத்தான், வீட்டில் பேசுகிற பேச்சுக் கேட்டுவிடும் என்று. வாயும் முகமும் இல்லாமல் ஒரு மொழியைப் படி என்றால் எப்படிப் படிப்பான்? இன்னொரு கொடுமை. முன்பெல்லாம் எஸ்.சி. உதவித்தொகைக்கு யார் யார் கையெழுத்துப் போடவில்லை என்று உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று பெயர் வாசிப்பார். கேட்கிறவன் கேட்பான், மறப்பான். இப்போது அந்தப் பட்டியலையே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். எழுபது பேர் போனிலும் அது கிடக்கும்.

இது அரசுக் கல்லூரிக் கதை. நாட்டிலேயே பெரிய படிப்பு என்று சொல்லப்படுகிற இடத்தில் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்தது. ஐ.ஐ.டி.களில் ஓர் ஆயத்த வகுப்பு உண்டு. நுழைவுத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டாத தாழ்த்தப்பட்ட, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு வருசம் இயற்பியல், வேதியியல், கணக்கோடு இங்கிலீசும் நடத்தி அதன்பின் பி.டெக். சேர்ப்பார்கள். 2021 ஏப்ரல் கடைசியில் காரக்பூர் ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் இங்கிலீசு வகுப்புக் காட்சிகள் வெளியே வந்தன. பாடம் நடத்துகிற பேராசிரியர் அந்தப் பிள்ளைகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். தேசிய கீதத்தின்போது ஒழுங்காக நிற்கவில்லை என்று திட்டுகிறார். வீட்டில் சாவு விழுந்ததால் விடுப்புக் கேட்டதற்குத் திட்டுகிறார். எங்கே வேண்டுமானாலும் போய்ப் புகார் கொடு, என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று சவாலும் விடுகிறார். பிள்ளைகள் பக்கம் சத்தமே இல்லை. அந்த வகுப்பில் அவர்கள் எந்த இங்கிலீசைக் கற்றிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். துரை வீட்டில் பட்லர் கேட்ட ஏச்சு நூற்றைம்பது வருசம் கழித்து ஒயர் வழியாக வருகிறது. பட்லருக்காவது பதில் பேச இடம் இருந்தது.

ஆனால் இதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. இப்படித் திட்டுவது அன்றைக்குத்தான் தொடங்கியதா? நான்கு சுவருக்குள் எத்தனை வருசமாக நம் பிள்ளைகள் இதைக் கேட்டு, விடுதிக்குப் போய் அழுது, சிலர் படிப்பை விட்டு, சிலர் உயிரையே விட்டிருக்கிறார்கள்? விசாரணை என்று வந்தால் 'சாட்சி உண்டா' என்பார்கள். ஆன்லைன் வகுப்பு அன்றைக்குச் சாட்சியாக நின்றது. காட்சி பதிவானது, வெளியே போனது, பழைய மாணவர்கள் குரல் கொடுத்தார்கள், தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் தலையிட்டது, அந்தப் பேராசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சுவர் இருந்த வகுப்பறையில் இது நடந்திருக்காது. கேமரா நம் வீட்டுச் சுவரையும் காட்டும், வாத்தியார் மனசையும் காட்டும். இரண்டில் எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்கிற பொத்தான் யார் கையில் என்பதுதான் கேள்வி. நம் பிள்ளைகள் வீடியோவை அணைத்து வைக்க உரிமை வேண்டும், வகுப்பைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் உரிமை வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கறுப்புக் கட்டங்களோடு ஒரு மாதம் மல்லுக்கட்டிய பிறகு நேரலை வகுப்பைக் குறைத்துவிட்டு வேறு ஒன்று செய்தேன். எனக்கு மட்டும், தனியாக, வாட்ஸ்அப்பில் ஒரு நிமிசக் குரல் அனுப்புங்கள் என்றேன். இங்கிலீசில். தப்பு இருந்தால் இருக்கட்டும். குரல் பதிவுக்கு டேட்டா கொஞ்சம்தான் வேண்டும். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்தபோது போய்ச் சேர்ந்துவிடும், மணி நேரம் பார்க்க வேண்டியதில்லை. முகம் வேண்டாம், வீடு வேண்டாம். ராத்திரி நான் ஒவ்வொன்றாகக் கேட்டு, திருத்தாமல், அவர்கள் சொன்னதில் இருந்தே ஒரு கேள்வியைத் திரும்ப அனுப்புவேன். முதல் வாரம் ஏழெட்டுப் பேர், கைடைப் பார்த்து வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் அனுப்பினாள்: "மை மதர் கோயிங் ஹண்ட்ரட் டேஸ் ஒர்க். டுடே நாட் கோயிங்." ஏன் போகவில்லை என்று கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. மேஸ்திரி வேண்டுமென்றே பெயரை விட்டுவிட்டாராம். அதைச் சொல்ல அவளுக்கு இங்கிலீசு போதவில்லை. நடுவில் தமிழைப் போட்டு, திரும்ப இங்கிலீசுக்கு வந்து, கோபத்தோடு சொன்னாள். எந்த முறைப்பாடும் எழுத்தும் இல்லாமல் ஒரு வாக்கியத்தை மூன்று தடவை திருப்பிச் சொல்லிச் சரி செய்தாள். நான் அதுவரை பாகம் இரண்டு வகுப்பில் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை. பருவம் முடிவதற்குள் வகுப்பில் பாதிக்கு மேல் பேசினார்கள். வகுப்பறையில் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்தவர்கள்தான் அதில் அதிகம்.

இது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மொழி கற்பித்தலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும், கேட்டால் மட்டும் போதாது, பேச வேண்டும், பேசியது எதிராளிக்குப் புரிந்ததா என்று தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பட்லருக்கு அது படிக்காமலே தெரியும். ஆனால் அறுபது பேர் குரலைக் கேட்டுப் பதில் அனுப்ப ராத்திரி இரண்டு மணி நேரம் ஆகும். ஆன்லைனில் இங்கிலீசு கற்றுக்கொடுக்க வாத்தியார் கூடுதலாக வேண்டும், குறைவாக இல்லை. சர்க்கார் கணக்கு இதற்கு நேர்எதிராகப் போகிறது. 2017 ஜூலையில் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் ஒரு பேராசிரியரின் பேச்சைப் பதிவு செய்து வைத்தால் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் பேரும் பார்க்கலாம். 2016 விதிப்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 20 விழுக்காடு வரை இப்படிப் படிக்கலாம் என்றிருந்ததை 2021-ல் 40 விழுக்காடு ஆக்கினார்கள். பார்ப்பதற்குத் தடை இல்லை, நல்ல பேராசிரியர்களும் அதில் பேசுகிறார்கள், நம் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் அதில் இங்கிலீசுப் பாடத்துக்கும் பெரும்பாலும் 'சரியானதைத் தேர்ந்தெடு' பரீட்சைதான். அந்தப் பெண் தன் அம்மாவுக்கு வேலை மறுக்கப்பட்டதைச் சொன்னால் திரையில் இருக்கிறவர் ஏன் என்று கேட்கமாட்டார். காசு உள்ள வீட்டுப் பிள்ளை, நாளுக்கு அரை மணி நேரம் நேருக்கு நேர் பேச ஆள் வைத்துத் தனியார் செயலியில் படிக்கிறது. பேச ஆள் கிடைப்பது அங்கே, பார்க்கப் படம் கிடைப்பது இங்கே.

2021 பிப்ரவரியில் வகுப்பு திறந்ததும் பிள்ளைகள் பழையபடி பெஞ்சில் வந்து பேசாமல் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "கிளாஸ்லயும் பேசலாமேம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அவங்க சிரிப்பாங்க சார்" என்றாள். துறைத் தலைவரிடம் போய், இருபது இருபது பேராகப் பிரித்துப் பேச்சு வகுப்பு நடத்தினால் என்ன என்று கேட்டேன். அத்தனை வாத்தியாருக்கு எங்கே போவது என்றார். ராத்திரியில் நான் குரல் கேட்கிற நேரத்தையாவது வேலைப் பதிவேட்டில் எழுதலாமா என்று கேட்டேன். அதில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.